காயம்பட்டவர்களோடு நெடுந்தூர சைக்கிள் பயணம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தில் குடியிருக்கிறேன். போரில் காயம்பட்ட முன்னாள் படைவீரர்களும், பணியில் அடிபட்ட தீயணைப்பு வீரர்கள், காவலர்கள், ஆம்புலன்ஸ் பணியாளர்களும் சேர்ந்து போகும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் சில ஆண்டு மிதித்திருக்கிறேன், சில ஆண்டு தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். மார்ச் பிறந்தால் போதும், கோயில் வாசலிலும் தமிழ்ப் பள்ளி வராந்தாவிலும் அதே கேள்விகள் வரும். தொண்டை வற்றிப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடி. பதில்கள் என் பொறுப்பு. நான் எந்த அமைப்புக்கும் பேச்சாளர் இல்லை.

அண்ணா, இது பந்தயமா, ஊர்வலமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பந்தயம் இல்லை. முதலில் வந்தவருக்குக் கோப்பை கிடையாது. முந்தப் பார்ப்பவரை ஒருங்கிணைப்பாளர் ஓரமாக அழைத்து இரண்டு வார்த்தை சொல்வார். ஊர்வலம் என்றும் சொல்ல மாட்டேன், சாயங்காலம் தொடை அப்படி வலிக்கும். கூட்டமாகக் கிளம்பி, பகலெல்லாம் மிதித்து, இரவு ஓர் ஊரில் தங்கி, மறுநாள் மீண்டும் கிளம்புவார்கள். எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரிந்தது ஆர்லிங்டனில் தொடங்கி ஃபிரெடரிக் வழியாகக் கெட்டிஸ்பர்க் போகும் ‘ஃபேஸ் ஆஃப் அமெரிக்கா’ பயணம். இரண்டு நாள், ஏறத்தாழ 175 கிலோமீட்டர். ஒரு வாரம் நீளும் பயணங்களும் உண்டு. அவற்றில் நாளைக்கு 80, 100 கிலோமீட்டர் என்பது சாதாரணம்.

முன்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் குறுக்குச் சாலைகளை மறிக்கும். பின்னால் பழுது பார்க்க ஒரு வேனும் முடியாதவரை ஏற்றிக்கொள்ள இன்னொரு வேனும் வரும். நடுவில் நாம். வேகத்தை முடிவு செய்பவர் கூட்டத்திலேயே மெதுவாக வருபவர்.

இதை யார் ஆரம்பித்தார்கள்? ராணுவமா?

மதுக்கடையில் பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் அப்படி வேலை செய்துவந்த கிறிஸ் கார்னி, 2004இல் காயம்பட்ட வீரர்களுக்குப் பணம் திரட்ட அமெரிக்காவைக் கரையிலிருந்து கரைக்குத் தனியாகச் சைக்கிளில் கடந்தார். காயம்பட்டவர்களே அதைக் கேட்டுவிட்டு, எங்களுக்காக நீ மட்டும் ஏன் மிதிக்கிறாய், நாங்களும் வருகிறோம் என்றார்கள். அடுத்த ஆண்டு வந்தும் விட்டார்கள். ஈராக்கில் இரண்டு காலையும் இழந்திருந்த ஹீத் கல்ஹூன் கையால் சுற்றும் சைக்கிளில் நாட்டைக் கடந்தார். இவர் பின்னாளில் பாராலிம்பிக்ஸ் பனிச்சறுக்கில் பதக்கம் வாங்கியவர். அந்தப் பயணத்தின் தொடர்ச்சிதான் ‘வூண்டட் வாரியர் புராஜெக்ட்’ என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ‘சோல்ஜர் ரைடு’. அது 2008 முதல் பல முறை வெள்ளை மாளிகையின் புல்வெளிக்கே போயிருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் 1998 இருக்கிறது. அமெரிக்க வீரர்களும் வியட்நாம் வீரர்களும், அதாவது ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள், ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் சேர்ந்து மிதித்தார்கள். கை கால் இழந்தவர்களும் பார்வை இழந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒருங்கிணைத்தது ‘வேர்ல்டு டீம் ஸ்போர்ட்ஸ்’ என்ற அமைப்பு. ஃபேஸ் ஆஃப் அமெரிக்கா பயணமும் அவர்களுடையதுதான். முன்னாள் சைக்கிள் பந்தய வீரர் ஜான் வோர்டின் 2008இல் தொடங்கிய ‘ரைடு 2 ரிகவரி’ பிறகு ‘புராஜெக்ட் ஹீரோ’ என்று பெயர் மாறி, படைவீரர்களோடு தீயணைப்பு வீரர்களையும் காவலர்களையும் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தில் பிரின் பாரியும் எம்மா பாரியும் 2007இல் தொடங்கிய ‘ஹெல்ப் ஃபார் ஹீரோஸ்’ முதலில் வெறும் சைக்கிள் பயண யோசனையாகத்தான் இருந்தது. அமைப்பு அதைச் சுற்றி வளர்ந்தது.

சைக்கிள் எதற்கு? ஒரு விருந்து வைத்தால் இதைவிட அதிகப் பணம் சேருமே?

சேரும். பணம் மட்டும் நோக்கமாக இருந்தால் விருந்தே வைக்கலாம்.

காயம்பட்டவர் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டும், உடம்பு அலுக்கவேண்டும், இரவு தூங்கவேண்டும், தன்னைப்போல் இன்னொருவரைப் பார்க்கவேண்டும். சைக்கிள் இந்த நான்கையும் ஒரே நாளில் செய்துவிடுகிறது. ஓட்டத்தைப்போல் முழங்கால் மூட்டை இடிப்பதில்லை. செயற்கைக் கால் போட்டவருக்கு அது பெரிய விஷயம். இன்னொன்று நான் கவனித்தது. எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தால் வாயைத் திறக்காதவர், பக்கத்தில் பக்கத்தில் மிதிக்கும்போது முப்பதாவது கிலோமீட்டரில் தானாகப் பேசுவார். கண்ணைப் பார்க்கவேண்டியதில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். பிடிக்காவிட்டால் கியரை மாற்றிக்கொண்டு முன்னால் போய்விடலாம்.

காலே இல்லாதவர் எப்படி சைக்கிள் மிதிப்பார்?

நம் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும், கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியைப் பார்த்திருப்பீர்கள். கைச்சைக்கிள் அதன் பந்தய ஓட்டத் தம்பி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சாய்ந்து படுத்துக்கொண்டு, நெஞ்சுக்கு நேரே உள்ள இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்தே சுற்றவேண்டும். இருபதுக்கும் மேல் கியர் இருக்கும். கார் ஓட்டுபவர் கண்ணுக்கே படாது என்பதால் பின்னால் கம்பு நட்டுக் கொடி கட்டியிருப்பார்கள். இறக்கத்தில் நம்மை விசிறியடித்துவிட்டுப் போகும். ஏற்றம் வந்தால்தான் பாடு, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

முழங்காலுக்குக் கீழே மட்டும் இழந்தவர்கள் பெரும்பாலும் சாதாரண சைக்கிளையே செயற்கைக் காலோடு ஓட்டுவார்கள். ஒரு கை இல்லாதவருக்கு இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் இணைத்துக் கொடுப்பார்கள். பார்வை இல்லாதவர் இருவர் மிதிக்கும் சைக்கிளில் பின் இருக்கையில் உட்காருவார். முன்னால் இருப்பவர் “குழி”, “வளைவு”, “நிறுத்தம்” என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வரவேண்டும். தலையில் அடிபட்டுச் சமநிலை போனவருக்குச் சாய்ந்து மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள். இவற்றின் விலை பல ஆயிரம் டாலர். திரட்டும் பணத்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

கருவி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணவேண்டாம். ஒரு மே மாத மதியம், தண்ணீர்ப் பந்தலில் என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர் தன் செயற்கைக் காலைக் கழற்றினார். உள்ளே போடும் ரப்பர் உறையை உருட்டி எடுத்துக் கவிழ்த்தார். அரை டம்ளர் வியர்வை கொட்டியது. தோலில் சிவந்திருந்த இடத்தை ஒரு முறை அழுத்திப் பார்த்தார், துடைத்தார், மாட்டினார், மிச்ச வாழைப்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும். தண்டுவடம் மேல்பக்கத்தில் அடிபட்டவர்களுக்குச் சிக்கல் நேர் எதிர்: அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்கவே வியர்க்காது, உடம்பு சூடேறிக்கொண்டே போகும். அவர்கள்மேல் தண்ணீர் தெளிப்பதற்கென்றே ஒருவர் பீச்சுக்குப்பியோடு நிற்பார்.

பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார். இவருக்கு என்ன காயம்?

இந்தக் கேள்வியை மட்டும் அங்கே கேட்டுவிடாதீர்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் 50,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் காயம்பட்டார்கள். கவச உடையும் உடனடிச் சிகிச்சையும் மேம்பட்டதால், முந்தைய போர்களில் இறந்திருக்கக்கூடியவர்கள் பிழைத்தார்கள். கண்ணிவெடி அதிர்ச்சியில் மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்கியவர்களுக்கு வெளியே தழும்பு இருக்காது. தலைவலி, மறதி, வெளிச்சம் தாங்காமை மட்டும் நிற்காது. போரின் நினைவுகள் விடாமல் துரத்தும் மனக்காயம் இன்னொரு வகை. அந்த ஐம்பதாயிரத்தில் இது சேர்வதில்லை.

ஒரு முறை ஓய்வு நிறுத்தத்தில், வெயிலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளின் டியூப் படாரென்று வெடித்தது. எங்களில் பலர் சிரித்தோம். ஆறடி உயரமுள்ள ஒருவர் வேனுக்கும் சுவருக்கும் நடுவே போய்க் குனிந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் ஓடிப்போய்த் தோளைத் தட்டவில்லை. அவருடைய நண்பர் மட்டும் இரண்டு முழத் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வானிலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து இருவரும் வந்தார்கள். பயணத்தின் புறப்பாடும் அந்தப் பத்து நிமிடம் தள்ளிப்போனது, காரணம் சொல்லாமலே.

படைவீரர் சரி. தீயணைப்பு வீரரையும் போலீசையும் ஏன் இதில் சேர்த்தார்கள்?

ஆபத்து நடந்த இடத்துக்கு முதலில் ஓடுகிறவர்கள் அவர்கள் என்பதால். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. அந்தக் கட்டட இடிபாட்டுத் தூசியைச் சுவாசித்து நோய்வாய்ப்பட்டு இறந்த அதே துறையினரின் எண்ணிக்கையும் 2023 செப்டம்பரில் 343ஐ எட்டியது. அன்று ஒரு நாளில் இறந்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேர் பின்னால் இருமி இருமி இறந்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சிற்றூர்களில் குழாய் பழுது பார்ப்பவரும் பள்ளி ஆசிரியரும் சைரன் கேட்டால் தீயணைப்பு வண்டியில் ஏறிக்கொள்கிறார்கள். நான் சொன்ன கெட்டிஸ்பர்க் பாதைக்கு அருகில் எம்மிட்ஸ்பர்க் என்ற ஊரில், பணியில் இறந்த தீயணைப்பு வீரர்களுக்கான தேசிய நினைவிடம் இருக்கிறது. நேரம் இருந்தால் இறங்கிப் பாருங்கள்.

காவலர்களுக்குத் தனி மரபு உண்டு. 1997இல் நியூஜெர்சியின் ஃபிளோரம் பார்க் ஊர்க் காவலர் பேட்ரிக் மான்டூரே முன்னெடுக்க, 18 பேர் நான்கு நாள் மிதித்து வாஷிங்டனில் உள்ள காவலர் நினைவிடத்துக்கு வந்தார்கள். அது இன்று ‘போலீஸ் யூனிட்டி டூர்’ என்ற பெயரில் மே மாதம்தோறும் நடக்கிறது. அது இறந்தவர்களுக்கான பயணம். காயம்பட்டவர்களோடு போகும் பயணத்துக்கும் அதற்கும் மனநிலையே வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான பதிவுப் படிவத்தை நிரப்பியவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவு பணக்கார நாடு. அரசு பார்த்துக்கொள்ளாதா, நீங்கள் ஏன் உண்டியல் குலுக்குகிறீர்கள்?

படைவீரர்களுக்கு அரசு செய்கிறது. முன்னாள் படைவீரர் நலத்துறை என்று தனி அமைச்சகமே இருக்கிறது. மருத்துவமனைகள், செயற்கைக் கால், சிலருக்குக் கைச்சைக்கிள்கூடக் கிடைக்கும். முதலில் ஓடுகிறவர்களுக்குத்தான் அப்படி ஒரே கதவு இல்லை. பணிக்காயத்துக்கான இழப்பீடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு ஒன்றிய அரசின் உதவித் திட்டம் 1976 முதல் இருக்கிறது; நிரந்தரமாக முடங்கியவரை 1990இல் சேர்த்தார்கள். ஆனால் அதில் மனக்காயத்துக்கும் தற்கொலைக்கும் இடம் கிடைத்தது 2022இல்தான். அதுவரை 46 ஆண்டுகள்.

மருத்துவமனை காலைத் தரும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி “எழுந்து வா, போகலாம்” என்று சொல்ல அதனிடம் ஆள் இல்லை.

கட்டணம் எவ்வளவு? நான் எவ்வளவு திரட்டவேண்டும்?

காயம்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் எல்லாமே இலவசம்: சைக்கிள், சாப்பாடு, தங்குமிடம். நம்மைப் போன்றவர்களுக்குப் பதிவுக் கட்டணம் உண்டு. அதற்கு மேல் இவ்வளவு திரட்டித் தரவேண்டும் என்று ஒரு குறைந்தபட்சத் தொகையும் உண்டு. அது பயணத்துக்குப் பயணம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். சேராவிட்டால் மிச்சத்தை நம் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்வார்களா என்பதைக் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். நான் முதல் ஆண்டு படிக்கவில்லை. அந்த ஜூன் மாதம் வீட்டில் கொஞ்சம் அமைதியாக இருந்தது.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு: இதை மொய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேசைக்காரரின் மாரத்தானுக்கு நீங்கள் இருபத்தைந்து வைத்தீர்கள், அவர் உங்கள் சைக்கிளுக்கு வைப்பார். மொய் நோட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு உதவும். பெரிய நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஊழியர் தரும் நன்கொடைக்குச் சமமாக நிறுவனமும் தரும் திட்டம் பல இடங்களில் இருக்கிறது. நம்மவர்கள் அதைக் கேட்பதே இல்லை. பாதிப் பணம் அங்கேயே கிடக்கிறது.

பணம் உண்மையில் அவர்களுக்குப் போகிறதா? ஏதோ முறைகேடு என்று படித்தேனே.

நீங்கள் படித்தது 2016இல் நடந்தது. வூண்டட் வாரியர் புராஜெக்ட் மாநாடுகளுக்கும் பயணங்களுக்கும் அளவுக்கு மீறிச் செலவிடுகிறது என்று சிபிஎஸ் தொலைக்காட்சியும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் அந்த ஆண்டு ஜனவரியில் செய்தி வெளியிட்டன. மார்ச்சில் நிர்வாகக் குழு முதலிரண்டு அதிகாரிகளையும் நீக்கியது. செய்திகளில் வந்த சில கணக்குகள் சரியல்ல என்றும் அதே குழு சொன்னது. நன்கொடை சரிந்தது, ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி ஒருவர் பொறுப்பேற்றுக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தார். அமைப்பு இன்றும் இயங்குகிறது. என் கருத்து: நீக்கியது சரி. அதைக் காரணம் காட்டி எல்லா அமைப்புக்கும் கையை மடக்கிக்கொள்வது சோம்பேறித்தனம்.

ஏனென்றால் பார்க்க வழி இருக்கிறது. வரிவிலக்கு பெற்ற ஓரளவு பெரிய தொண்டு அமைப்புகள் ஆண்டுதோறும் ‘படிவம் 990’ தாக்கல் செய்யவேண்டும். கேட்பவர் யாருக்கும் கடைசி மூன்று ஆண்டுப் படிவத்தைக் காட்டியாகவேண்டும். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: திட்டங்களுக்கான செலவு, பணம் திரட்ட ஆன செலவு, உயர் அதிகாரிகளின் சம்பளம். சின்ன அமைப்பு பயணச் செலவு முழுவதையும் ‘திட்டம்’ என்று எழுதியிருந்தால் பதறவேண்டாம். இங்கே பயணமே சிகிச்சைதான். மாறாக, மிதிக்கும் கூட்டத்தில் காயம்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலும், பனியன் போட்ட விளம்பரதாரர்கள் நூற்றுக்கணக்கிலும் இருந்தால் யோசியுங்கள். அப்படி ஒன்றுக்கும் போயிருக்கிறேன். பெயர் வேண்டாம். இரண்டாம் முறை போகவில்லை.

வரி குறையுமா?

செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கணக்குத் தாக்கல் செய்பவருக்கு அதிகப் பயன். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால் எழுத்து வடிவில் ரசீது அவசியம். பதிலுக்கு நல்ல சட்டையோ விருந்தோ கிடைத்தால் அதன் மதிப்பைக் கழித்துத்தான் காட்டவேண்டும். தொண்டுக்காகக் கார் ஓட்டினால் மைலுக்கு 14 சென்ட், 1998 முதல் இன்றுவரை அதே 14 சென்ட். பெட்ரோல் விலையைப் பற்றி யாரும் அரசுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. மிச்சத்தை உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். வந்தால் பிரச்சினை ஆகுமா?

சம்பளம் வாங்காமல் தொண்டு நிகழ்ச்சியில் மிதிப்பதற்கும் தண்ணீர் கொடுப்பதற்கும் குடியுரிமை யாரும் கேட்பதில்லை. நன்கொடை திரட்டுவதற்கும் அப்படியே. ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும்: சில பயணங்கள் ராணுவத் தளத்துக்குள் தொடங்கும் அல்லது தங்கும். அங்கே நுழைய அடையாளச் சரிபார்ப்பு முன்கூட்டியே நடக்கும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கூடுதல் நாள் பிடிக்கலாம். பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். என் நண்பர் ஒருவர் கேட்காமல் வந்து, வாசலில் சைக்கிளோடு மூன்று மணி நேரம் நின்றார். கூட்டம் வெளியே வந்ததும் சேர்ந்துகொண்டார்.

சைக்கிளைத் தொட்டு இருபது வருடம் ஆகிறது. என்னால் முடியுமா?

நான் சைக்கிள் கற்றது திருநெல்வேலியில் வாடகைக் கடை வண்டியில், குரங்குப் பெடல் போட்டு. நடுவில் பதினெட்டு ஆண்டுகள் தொடவில்லை. முடிந்தது. ஜனவரியிலிருந்து வாரம் மூன்று நாள் மிதியுங்கள். வார இறுதியில் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நாள் அறுபது, எழுபது கிலோமீட்டர் போய்விட்டால் போதும். மறுநாளும் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். அதுதான் உண்மையான தேர்வு.

தூரத்தைவிட முக்கியம் கூட்டத்தில் ஓட்டும் ஒழுங்கு. திடீர் பிரேக் கூடாது. குழியைக் கண்டால் கையைக் காட்டிக் குரல் கொடுக்கவேண்டும். முந்தும்போது “இடப்பக்கம் வருகிறேன்” என்று முன்னாலேயே சொல்லவேண்டும். மேலே டியூப் வெடித்த கதையைப் படித்தீர்கள் அல்லவா? பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து உரசுவது அந்த வகைதான்.

ஏற்றத்தில் கைச்சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போவார்களாமே? மிதித்துக்கொண்டா தள்ளுவது?

ஆமாம். இந்தப் பயணங்களில் நான் பார்த்ததிலேயே அழகான காரியம் அதுதான். காலால் ஐம்பது கிலோ, நூறு கிலோவைத் தள்ளலாம். ஆனால் கைச்சைக்கிள்காரருக்குத் தோளும் கையும் மட்டுமே உண்டு. நாலு டிகிரி ஏற்றம் நமக்குப் பேச்சை நிறுத்தும். அவருக்கு நடைவேகத்தைவிடக் குறைந்துவிடும். அப்போது பின்னால் வருபவர் பக்கத்தில் ஒட்டிவந்து, ஒரு கையால் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையை அவருடைய இருக்கையின் பின்பக்கத்தில் வைத்துத் தள்ளுவார். தள்ளுபவர் களைத்தால் அவர் முதுகில் இன்னொருவர் கை வைப்பார். மூன்று நான்கு பேர் சங்கிலியாக ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கற்றுக்கொள்ளாமல் இறங்கவேண்டாம். முதலில் காலி நிறுத்துமிடத்தில் பழகுங்கள். சின்ன கியருக்கு முன்பே மாறிக்கொள்ளுங்கள், தள்ளத் தொடங்கியபின் மாற்றக் கை இருக்காது. தலை, கழுத்தைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டும். “வேண்டாம்” என்று வந்தால் பக்கத்திலேயே அவர் வேகத்துக்கு வாருங்கள். நான் அப்படிக் கேட்ட ஒருவர் மூன்று மலைக்கு வேண்டாம் என்றார். நான்காவதில் என்னைத் திரும்பிப் பார்த்து, “கேட்க மாட்டாயா?” என்றார்.

அவர்களிடம் என்ன பேசுவது? காலைப் பற்றிக் கேட்கலாமா?

கேட்காதீர்கள், சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். “உங்கள் சேவைக்கு நன்றி” என்ற வழக்கமான வாக்கியத்தைச் சிலர் விரும்புகிறார்கள், சிலருக்கு அது கூச்சம். சாப்பாடு, பிள்ளைகள், செயினில் வரும் சத்தம் ஆகியவை எல்லாருக்கும் பொருந்தும். “ஐயோ பாவம்” என்று முகத்தில்கூட வரக்கூடாது. இது நம்மவர்களுக்குக் கொஞ்சம் கடினம், நமக்கு இரக்கம் உச்சுக்கொட்டலாகத்தான் வருகிறது. கழற்றி வைத்த செயற்கைக் காலையும் சக்கர நாற்காலியையும் அனுமதியில்லாமல் நகர்த்தவேண்டாம். படமும் கேட்டுவிட்டு எடுங்கள்.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவரை அழைத்து வரலாமா?

கட்டாயம். சிற்றூர்களில் தீயணைப்பு வண்டிகள் இரண்டு ஏணியை உயர்த்திச் சாலைக்கு மேலே கொடி கட்டியிருக்கும், பள்ளிக்கூடமே வெளியே நின்று கை ஆட்டும். அதைப் பார்க்கவே வரலாம். என் மாமியார் ஓய்வு நிறுத்தத்தில் ஆரஞ்சுச் சுளை உரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். கால் பிடிப்புக்கு அவர்கள் ஊறுகாய் வெள்ளரித் தண்ணீரைச் சின்னக் கோப்பையில் குடிப்பதைக் கண்டவர், மறுநாள் உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு ஒரு குடம் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆங்கிலம் தேவைப்படவில்லை. பத்தரை மணிக்குக் குடம் காலி.

நம் நாட்டில் இப்படி எதுவும் இல்லையா, சார்?

இருக்கிறது; பேசுவதுதான் குறைவு. டிசம்பர் 7 கொடிநாளுக்குப் பள்ளியில் காசு கொடுத்துச் சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டது நினைவிருக்கும். அது 1949இல் தொடங்கியது. முள்ளந்தண்டு முறிந்த படைவீரர்களுக்குப் புனே அருகே கிர்க்கியில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972 பாராலிம்பிக்ஸ் நீச்சலில் தங்கம் வென்றார், பாராலிம்பிக்ஸில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். சைக்கிள் என்றால் ஹைதராபாத்தைச் சேர்ந்த பாரா சைக்கிள் வீரர் ஆதித்ய மேத்தாவின் அறக்கட்டளை. காயம்பட்ட எல்லைக் காவல் படையினரும் அவர்களோடு பயிற்சி பெற்றிருக்கிறார்கள். 2020 இறுதியில் காஷ்மீரில் கிளம்பிய அவர்களுடைய பயணம் முடிந்தது நம் கன்னியாகுமரியில்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இது போருக்குக் கைதட்டுவதாக ஆகாதா?

கோபம் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஈழத்திலிருந்து வந்தவர். கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஈராக் போர் தவறு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். என் பக்கத்தில் மிதித்தவர்களில் சிலரும் அப்படியே நினைக்கிறார்கள், அவர்கள் அங்கே போய்வந்தவர்கள். சிலர் நேர் எதிராக நினைக்கிறார்கள். மேட்டில் தள்ளும்போது யாரும் அதைக் கேட்டுவிட்டுத் தள்ளுவதில்லை.

ஆனாலும் உறுத்தல் இருக்கிறது, மறைக்கவில்லை. தொடக்க விழாவில் விமானங்கள் தாழப் பறந்து, அரசியல்வாதி ஒருவர் நீளமாகப் பேசும்போது நான் டயரில் காற்று பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். ஈராக்கியர்களில் காயம்பட்டவர்களுக்கு யார் மிதிக்கிறார்கள் என்று அந்த நண்பர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது பதிலில் சொன்ன வியட்நாம் பயணத்தை அவருக்குச் சொன்னேன், இரு தரப்பும் சேர்ந்து மிதித்ததை. “அதற்கு எத்தனை வருடம் ஆனது?” என்றார். போர் முடிந்து இருபத்துமூன்று வருடம் என்றேன். அவர் இன்னும் எங்களோடு மிதிக்க வரவில்லை. ஆனால் கடந்த ஆண்டு அவருடைய மகள் வந்தாள்.

போன வருடம் என் பக்கத்தில் ஓட்டியவர் இந்த வருடம் பட்டியலில் இல்லை. விசாரிக்கலாமா?

விசாரியுங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான்: புது வேலை, புதுக் குழந்தை, இன்னோர் அறுவைச் சிகிச்சை. சில நேரம் அப்படி இருக்காது. பயணம் முடிந்த மறு வாரம்தான் மிகக் கடினம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆறு நாள் கூட்டம், ஏழாம் நாள் அதே வரவேற்பறை. அதனால் ஓர் ஆண்டு காத்திருந்து கேட்பதைவிட மறு வாரமே ஒரு செய்தி அனுப்புங்கள். பேச்சில் உயிரை விடும் எண்ணம் தெரிந்தால், தயங்காமல் நேராகக் கேளுங்கள். அமெரிக்காவில் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான உதவி இணைப்பு இரவு பகலாகக் கிடைக்கும். அவருக்காக நீங்களும் அழைக்கலாம்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் நானும் ஒருவருக்கு நாலு நாள் எதுவும் அனுப்பாமல் இருந்தேன். கடைசியில், பின் சக்கரத்தில் வந்த சத்தம் நின்றதா என்று மட்டும் கேட்டேன். இரவு இரண்டு மணிக்குப் பதில் வந்தது: “இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறாயா?” நான் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பேரிங் தேய்ந்திருந்தது.